ஆறு புதிய வேலைவாய்ப்புகள்

ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு சக்கரத்தில் ஒன்று கட்டாயம் முரண்டு பிடிக்கும். நாம் ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் இழுக்கும். தரை சரியில்லை என்பார்கள், கட்டில் பழசு என்பார்கள். அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று, நடைவழியில் அப்படியே மண்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தது என் அண்ணன் ஒருத்தர்தான். சக்கரத்தின் நடுக்கம்பியில் தலைமுடியும் கட்டுத்துணி நூலும் சுற்றிச் சுற்றி விரல் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது. சாவிக்கொத்தால் சுரண்டி எடுத்தார். மேலே படுத்திருந்த அப்பா, "இப்போ இது ரொம்ப முக்கியமாடா?" என்று கேட்டார். அப்பா பிழைத்து வந்து இன்னும் நான்கு வருஷம் இருந்தார். அதனால் அதைச் சொல்லிச் சிரிக்க எங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது.

அண்ணன் அப்போது வாளி செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா வீடு திரும்பிய மாதமே அந்த வேலையை விட்டார். அண்ணிக்கு விஷயம் தெரியவே மூன்று நாள் ஆனது. சேர்த்து வைத்ததை வழித்துப் போட்டு, கையால் அழுத்துகிற பழைய மோல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, எங்கள் தெருக்கோடியில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். நைலான் மணிகளை உருக்கி அச்சில் அழுத்தினால் சக்கரம் வரும். அது பெரிய வித்தை இல்லை, பத்துப் பேர் செய்கிறார்கள். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றது வேறு ஒன்றுக்காக. சக்கரத்தின் இரண்டு பக்கமும் நடுக்கம்பியை மறைத்துத் தொப்பி மாதிரி ஒரு மூடி வேண்டும், முடியோ நூலோ உள்ளே நுழையவே கூடாது என்றார்.

மூடியைத் தளர்வாகச் செய்தால் கழன்று விழுந்தது. இறுக்கமாகச் செய்தால் பொருத்தும்போதே 'டிக்' என்று வெடித்தது. இரண்டு வருஷம் இந்த டிக் சத்தத்தோடு குடித்தனம் நடத்தினோம். இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்றால் தற்பெருமைதான், நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? என் புருஷன் போன பிறகு நான் கொட்டகையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவக் கொதிக்கவைத்த தண்ணீரில் இரண்டு மூடி தவறி விழுந்துவிட்டது. மறந்தும் போனேன். மத்தியானம் தண்ணீரைக் கொட்டும்போது எடுத்துப் பொருத்தினேன், வெடிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் அந்த மூடியைச் சுத்தியலால் அடித்தார், அப்போதும் வெடிக்கவில்லை. அச்சிலிருந்து வந்த கையோடு நைலான் வறண்டு கிடக்குமாம், தண்ணீர் குடித்தால்தான் வளைந்து கொடுக்குமாம். இதெல்லாம் பிற்பாடு படித்தவர்கள் சொன்ன கதை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு மணி நேரம் வேகவைத்தால் மூடி உட்காரும் என்பதுதான். மறுநாளே கொட்டகையில் ஒரு அடுப்பும் பெரிய அண்டாவும் வந்தன. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, இன்னைக்கு என்ன சமையல் என்று கேலி செய்வார்கள்.

ஆஸ்பத்திரியில் சாமான் வாங்குகிற அம்மாவை நாங்கள் ஸ்டோர் அம்மா என்போம். லேசில் எதையும் நம்பாத ஆள். முதலில் ஒரு கட்டிலுக்கு மட்டும் நான்கு சக்கரம் வாங்கினார். ஆறு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் முந்நூற்று நாற்பது கட்டிலுக்கும், மாதா மாதம் ஸ்ட்ரெச்சருக்கும் தள்ளுவண்டிக்கும் எங்கள் சக்கரம்தான். அண்ணன், மெஷினில் இரண்டு பேர், மூடி பொருத்த என்னையும் சேர்த்து ஐந்து பெண்கள், ஆக எட்டுக் குடும்பம் அந்த ஒரு ஆர்டரில் சாப்பிட்டது. இரண்டு வருஷம் ஒரு புகார் இல்லை.

மூன்றாம் வருஷம் ஸ்டோர் அம்மா கொட்டகைக்கே வந்தார். அவர்கள் நிர்வாகத்தில் இன்னும் மூன்று ஆஸ்பத்திரி இருக்கிறதாம், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வாங்கப் போகிறார்களாம். மாதம் ஆயிரம் சக்கரம். வருஷக் கடைசிக்குள் தர முடியுமா முடியாதா என்று சொல்லிவிட வேண்டும், முடியாவிட்டால் இருக்கிற ஆர்டரும் சேர்ந்தே வேறு கைக்குப் போய்விடும், தன் கையில் எதுவும் இல்லை என்றார். எங்கள் கை மெஷினில் எப்படி முக்கினாலும் மாதம் ஐந்நூறுதான் வரும். பெரிய மெஷின் வேண்டும். அதற்கு நாங்கள் எட்டுப் பேரும் எங்களையே விற்றாலும் போதாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மெயின் ரோட்டில் பின்தங்கிய வட்டார வளர்ச்சி நிதி என்று ஒரு பலகை வைத்தார்கள். நாங்கள் பின்தங்கியவர்கள் என்பதே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். புதுமையான பொருள் செய்கிற சிறு தொழிலுக்கு மெஷின் வாங்க உதவி. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெராக்ஸ் கடை ஓரத்தில் மேஜை போட்டு இந்த மாதிரி விண்ணப்பங்கள் எழுதித் தருகிற ஒருவர் இருந்தார், படிவக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சக்கரத்தையும் மூடியையும் அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தார். முப்பது பக்கமும் நிரப்பியாகிவிட்டது. கடைசி நாள் படிவக்காரருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு பக்கம் பாக்கி. அதை அண்ணன் தன் கையாலேயே எழுதினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்தப் பொருளை உங்கள் நிறுவனம் ஏற்கெனவே விற்பனை செய்துள்ளதா? அண்ணனுக்கு முகமெல்லாம் பல். ஆம் என்று பெரிதாக எழுதி, இரண்டு வருடமாக முந்நூற்று நாற்பது கட்டில்களில் ஓடுகிறது, ஒரு புகாரும் இல்லை என்று சேர்த்து, ஸ்டோர் அம்மாவிடம் ஓடிப்போய் ஒரு நற்சான்றுக் கடிதமும் வாங்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். விற்றுக் காட்டின சரக்கைவிட நல்ல சாட்சி உண்டா என்று என்னிடம் கேட்டார். நானும் இல்லை என்றேன். எங்கள் பிழைப்பில் எங்களுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருள் புதுமை ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

காய்ச்சல் தெளிந்து வந்த படிவக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விற்குது என்று யாராவது எழுதுவார்களா, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னால்தான் அங்கே மதிப்பு என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்தார். இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கையை விட்டால் தானே பிரேக் பிடிக்கிற சக்கரம் என்று ஒன்றை அவரே யோசித்து எழுதினார். அண்ணனும் உட்கார்ந்து வரைந்தார். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. அண்ணன் மட்டும் மெஷின் கொட்டகைக்குள் வந்துவிட்டால் போதும், அதில் நம் சக்கரத்தையும் ஓட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். இந்தத் தடவை உடனே கிடைத்துவிட்டது.

மெஷின் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. கொட்டகையின் முன்சுவரை இடித்துத்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. பழைய மெஷினுக்கு இடமில்லை. நிதி அலுவலகத்திலிருந்து போட்டோ எடுக்க வந்த அதிகாரி, நவீனமயமான கூடத்தில் கை மெஷின் தெரியக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். என் வீட்டு முற்றத்திலாவது கிடக்கட்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதைப் பழைய இரும்புக்குப் போட்டார். அவர் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதே அதிகாரிதான் போகும்போது ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மூன்று வருஷத்துக்கு இந்த மெஷினில் அனுமதித்த பொருளைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது. எந்த அச்சு எத்தனை தடவை ஓடியது என்று மெஷினே உள்ளுக்குள் எண்ணிக்கொள்ளும், அதற்கு ஈயத்தில் ஒரு முத்திரை வேறு. அண்ணன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு விசேஷ அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மாதா மாதம் பதில் வந்தது. அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், அதிகாரிக்கே தெரியவில்லை.

பிரேக் சக்கரம் நன்றாகத்தான் வந்தது. அண்ணன் கை வைத்தால் எதுவும் கோணலாக வராது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஸ்டோர் அம்மா ஒரு கட்டிலில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நர்ஸ்கள் ஒரு கையால் தள்ளி, மறு கையில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். கதவைத் திறக்கக் கையை எடுத்தால் கட்டில் நின்றுவிடுகிறது, அவசரத்தில் உயிர் போகிற காரியம் என்றார். பழைய சக்கரத்தையே கொடுங்கள், வருஷக் கடைசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எங்களுக்கு நல்லது நினைத்தவர் அவர் ஒருத்தர்தான். மெஷின் முன்னால் இருந்தது, அச்சு அலமாரியில் இருந்தது, செய்யத் தெரிந்த எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

திருட்டுத்தனமாக ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று மெஷின்காரர்கள் சொன்னார்கள். முத்திரைக்குள் இருக்கிறது எண்ணிவிடும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாவற்றிலும் நெஞ்சை நிமிர்த்துகிற மனுஷன் ஒரு ஈயத் துண்டுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று அண்ணியிடம் கத்தினேன். அவர் பயந்தது எங்களுக்காக என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

ஜனவரியில் ஸ்டோர் அம்மா எங்கள் இருவரையும் வரச் சொன்னார். மேஜை மேல் ஒரு சக்கரம் வைத்திருந்தார். எங்கள் சக்கரம். எங்கள் மூடி. மூடியைக் கழற்ற நகம் நுழையட்டும் என்று ஓரத்தில் அண்ணன் போட்டிருந்த சின்ன வெட்டு, அது முதற்கொண்டு இருந்தது. செய்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி தயாரிக்கிற முதலாளி. ஆர்டர் அவருக்குப் போய்விட்டது. தனக்கு வேறு வழி இல்லை என்று ஸ்டோர் அம்மா சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அண்ணன் அந்தச் சக்கரத்தை மேஜையில் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் நேரே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்று அது முழுசாகப் பயன்பட்டது. படிவக்காரர் எழுந்து ஓடவில்லை, மறைக்கவும் இல்லை. நாற்காலி முதலாளிக்கும் அதே நிதிக்கு அவர்தான் எழுதிக் கொடுத்தாராம். கைவசம் இருந்த அண்ணன் வரைபடத்தைத்தான் வைத்தாராம்.

"நீங்கதான் வேற சக்கரத்துக்கு மாறிட்டீங்களேம்மா. அவர் இதை வித்ததே இல்லை. ஏற்கெனவே வித்திருக்கீங்களான்னு படிவத்துல கேட்டான், இல்லைன்னு எழுதினேன். அதுல பொய் எங்க இருக்கு? அவருக்கு இது புதுசுதானே?"

அடப்பாவி என்று கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பத்து நாள் கழித்து எங்கள் விசேஷ அனுமதி வந்தது, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு. பழைய சக்கரமும் செய்துகொள்ளலாமாம். யாருக்கு?

அந்த வருஷக் கணக்கில் எங்கள் புதுமை தோல்வி என்று எழுதி, கிரேன் கொண்டுவந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் ஏற்கெனவே இடிந்திருந்ததால் அவர்களுக்குச் சிரமமில்லை. மெஷின்காரர்களில் ஒருவர் கட்டட வேலைக்குப் போனார், இன்னொருவர் வெளியூர் போய்விட்டார். என்னோடு இருந்த நான்கு பெண்களும் வீடு வீடாகப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். நான் மகள் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவப் போனேன், மகளுக்குத் தெரியாமல் காலையிலேயே முடித்துவிட்டு வந்துவிடுவேன். அண்ணன் ஏழு மாதம் வீட்டை விட்டு இறங்கவில்லை. கேட்டால் மட்டும் பதில் சொன்னார். வாளி கம்பெனிக்கு ஐம்பது தாண்டிய ஆள் வேண்டாமாம். ஒரு நாள் அண்ணி என் வீட்டுக்கு வந்து, இந்த மனுஷன் ஒருவேளை ஏதாவது பண்ணிக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது என்று அழுதார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முறை போட்டு அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டோம்.

அப்படி நான் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் நாற்காலி முதலாளி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றார். அவர் மூடிகள் வெடிக்கின்றன. நூற்றுக்கு எழுபது பொருத்தும்போதே போகிறது, மிச்சம் ஆஸ்பத்திரியில் போகிறது. திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வரைபடத்தில் இருப்பதை அப்படியே செய்தும் ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. வரைபடத்தில் அளவெல்லாம் இருந்தது, அண்டா இல்லை.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நன்றாக வெடிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.  அண்ணன், தன்னோடு ஐந்து பெண்களுக்கும் வேலை, அதுவும் தினக்கூலி இல்லை, மாதச் சம்பளம், சம்மதமா என்று கேட்டார். முதலாளி உடனே தலையாட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அது நீ கண்டுபிடிச்சது. நீ சொல்லுன்னாதான் சொல்லுவேன். இல்லைன்னா இவர் இப்படியே போகட்டும்."

அத்தனை வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். இவ்வளவு நாள் கழித்து, இந்த ஆள் முன்னால் வைத்தா சொல்ல வேண்டும்?  இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. காலையில் வாளியும் துடைப்பமுமாகப் போவது ஞாபகம் வந்தது. அண்ணி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைங்க" என்றேன்.

நாற்காலி முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. மூடி வேகவைக்கப் பளபளவென்று ஒரு ஸ்டீல் தொட்டி வாங்கினார், சூடு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அதற்கும் நிதியிலிருந்து தனியாகக் கிடைத்தது, வெப்பப் பதப்படுத்தும் பிரிவு என்று பெயர். அண்ணன் அந்தத் தொட்டிப் பக்கம் நின்று எங்களுக்கு மூடி எடுத்துக் கொடுப்பார். முன்னைப் போலக் குறை சொல்வதில்லை. கோணலாக வந்த சக்கரத்தைப் பார்த்தும் பேசாமல் பெட்டிக்குள் போடுகிறார், அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போன மாதம் நிதி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொன்னார்கள். முந்தின நாள் முதலாளி எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். புதிதாக ஆறு பேருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நிபந்தனையாம். இதே தொழிலில் வேறு இடத்தில் இருந்து வந்தவர்கள் கணக்கில் சேர மாட்டார்களாம். அதுவும் நிதி வாங்கித் தோற்ற இடத்திலிருந்து வந்தவர்கள் என்றால் விசாரணையே வருமாம். ஆறு இல்லையென்றால் அடுத்த தவணை நிற்கும், நின்றால் உங்களை வைத்துக்கொள்ள என்னால் ஆகாது என்றார். மிரட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, அவர் முகத்திலும் பயம் இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 

வந்தது ஒரு சின்ன வயசுப் பெண். மரியாதையாகப் பேசினாள், எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்கார்ந்தாள். முதலில் அண்ணனைக் கேட்டாள். பேர், வயசு, வீடு. அப்புறம் சக்கரத்தைக் கையில் எடுத்து மூடியைத் தடவிப் பார்த்து, ரொம்ப நல்ல யோசனை, இந்த வட்டாரத்தில் இந்த மாதிரி வருவது பெருமையாக இருக்கிறது என்றாள். அண்ணன் ஆமாம் என்றார்.

"இங்க சேர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க சார்?"

அண்ணன் வாயைத் திறந்தார்.  முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் ஐந்து பேரும் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"எதுவும் இல்லைங்க. சும்மாதான் இருந்தேன்."

"இந்தச் சக்கர வேலை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க. இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். முதலாளி சொல்லிக் கொடுத்தார்."

அந்தப் பெண் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். அண்ணன் எழுந்து, நாற்காலியை எனக்காகத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். ஏழு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூடி பொருத்தியவள் நான். அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

வீட்டில் சும்மா இருந்தேன் என்று சொன்னேன்.